பதினான்காவது துளை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சென்ற ஆண்டு ஆவணி மாதம், என் அண்ணன் வேலு ஆறு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்த சிறிய விமானத்தை நெல் குடோனிலிருந்து வெளியே தள்ளிவந்து களத்தில் நிறுத்தினான். சொர்ணவாரிப் பருவ நெல் வந்து இறங்கியதால் குடோனில் இடமில்லை.

2. அன்று சாயங்காலமே மழை பெய்தது. விமானத்துக்குள் தண்ணீர் போனது.

3. அயர்லாந்திலிருந்து நான் ஒரு பட்டியல் அனுப்பினேன். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கச் செய்ய வேண்டிய பதினொரு வேலைகள்.

4. அண்ணன் பதினொன்றையும் செய்தான். எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை அவன்.

5. ஆயுத பூஜையன்று ட்ராக்டரையும் அறுவடை மெஷினையும் பைக்கையும் கழுவியதுபோல விமானத்தையும் கழுவினார்கள்.

6. மறுநாள் விஜயதசமி. காய்ந்த ஏரிக்குள் தரையோடு ஓட்டிப் பார்க்கத்தான் போனான். விமானம் எழும்பிவிட்டது.

7. ஊரே கைதட்டியது. வீடியோவில் பார்த்த நான் கைதட்டவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் ஆயுத பூஜை. இந்த ஏழு வரிகளுக்கு இடையில் என் பங்கு எவ்வளவு என்று ஒரு வருடமாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

ஒன்று

எங்கள் ஊர் சாலவாக்கத்துக்குப் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரையோடு நடக்க வேண்டும். அண்ணனிடம் சொந்தமாக ஓர் அறுவடை மெஷின் இருக்கிறது. அறுவடை இல்லாத மாதங்களில் போர்வெல் மோட்டார், ட்ராக்டர், மாவு மில் என்று சுற்றுவட்டத்தில் எது கெட்டாலும் அவனிடம்தான் வரும். ஆறு வருடத்துக்கு முன் விமான வரைபடக் கட்டு ஒன்றை வரவழைத்து, ஒவ்வொரு தாளாகப் பார்த்துச் செய்யத் தொடங்கினான். உடலும் சிறகும் பிளைவுட். மேலே துணி ஒட்டி வர்ணம் பூசியது. இரண்டு பேர் உட்காரலாம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றி மாற்றியமைத்த இன்ஜின்.

அவன் வேலையில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவன் இழைத்த சிறகுச் சட்டத்தை வீடியோவில் பார்த்த என் மேலாளர் மேவ், உன் அண்ணன் எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேட்டார். அறுவடை மெஷினில் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை போடு என்று சொல்லிப் பார்த்தார்.

எனக்கு இதுதான் பிழைப்பு. சென்னையில் விமானப் பராமரிப்புப் படித்துவிட்டு, ஒன்பது வருடமாக அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிறிய விமானத் திடலில் வேலை பார்க்கிறேன். சொந்தக்காரர்களே வீட்டுக் கொட்டகைகளில் கட்டிய குட்டி விமானங்கள்தான் இங்கே அதிகம். பாதிக்குக் கூரை கிடையாது. இந்த ஊர் மழை மேலிருந்து விழுவதில்லை. கடலிலிருந்து புறப்பட்டுப் பக்கவாட்டில் வருகிறது. திங்கட்கிழமை காலை என் முதல் வேலை, மெல்லிய மரக்குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விமானத்தின் அடியிலும் மல்லாந்து படுத்து வடிதுளைகளைக் குத்திப் பார்ப்பது.

வடிதுளை என்பது சிறகின் அடியிலும் உடலின் அடியிலும் பென்சில் நுழையும் அளவுக்குப் போட்டிருக்கும் துளை. எவ்வளவு மூடினாலும் விமானத்துக்குள் தண்ணீர் போகும். கண்ணாடி மூடியின் ஓரத்தில் போகும், வாலுக்குப் போகும் கம்பி வெளிவரும் இடுக்கில் போகும். ஒன்றுமே இல்லையென்றாலும் குளிரில் உள்ளேயே வேர்க்கும். உள்ளே வராமல் தடுப்பது பாதி வேலை. வந்தது போக வழி விடுவது மீதிப் பாதி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

இரண்டு

எங்கள் திடலின் சுவரில் மழைக்காலப் பட்டியல் ஒன்று மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அண்ணனுக்குத் தமிழில் எழுதினேன். மதிய உணவு இடைவேளையில், ஒரு கையில் ரொட்டியோடு. ஏழாவது வரி, மேல்பக்கத்தில் இருக்கும் எல்லாத் துளைகளையும் இடுக்குகளையும் மூடவும் என்று இருந்திருக்க வேண்டும். நான் எழுதியதில் ‘மேல்பக்கத்தில் இருக்கும்’ என்பது இல்லை.

ஏன் விட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். இங்கே யாருக்கும் கீழ்த்துளையை அடைக்கத் தோன்றவே தோன்றாது. அதனால் அதைச் சொல்ல வேண்டும் என்றே படவில்லை. ஆனால் ஊரில் நெல்லைக் காப்பாற்றிப் பழகியவர்களுக்கு முதலில் தோன்றுவதே அதுதான். அம்பாரத்தை மேலே மூடுவதற்கு முன்னால் கீழே பார்ப்பார்கள். செங்கல் பரப்பி, பலகை போட்டு, வைக்கோல் போட்டு, தார்ப்பாயை அடியில் மடித்துச் செருகுவார்கள். மேலே விழுகிற மழை தெரியும். கீழேயிருந்து ஏறுகிற ஈரம் தெரியாது, அதுதான் நெல்லைக் கருக்கும். பிறந்ததிலிருந்து அந்தக் களத்தைப் பார்த்தவள் நான். ஒன்பது வருடத்தில் மறந்திருக்கிறேன்.

அண்ணன் இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான். நெல் மூடும் தார்ப்பாயைப் போட்டு நாலு மூலையிலும் மணல் மூட்டை வைத்திருந்தான். பூச்சி வராமல் இருக்க உள்ளே நொச்சி இலை கூடப் போட்டிருந்தான். அது என் பட்டியலில் இல்லாதது.

“பதினாலு ஓட்ட இருந்துச்சு கவிதா. ஒன்னு வுடல. மோட்டாருக்குப் போடற பசைய வெச்சி அமுக்கிட்டேன். எறும்பு கூட பூர முடியாது.”

சூப்பர் அண்ணா என்று சொன்னேன். பதினான்கு என்பது என் காதில் நன்றாகவே விழுந்தது. அந்த விமானத்தின் மேல்பக்கத்தில் மூடுவதற்கு மூன்று இடங்கள்தான் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகும் அவசரத்தில் இருந்தேன்.

மூன்று

ஆயுத பூஜை காலையில் வீடியோவில் கூப்பிட்டார்கள். ட்ராக்டர் கழுவும் பம்பை வைத்து அண்ணனே விமானத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். வாலிலிருந்து மூக்கு வரை. சிறகிலிருந்து நுரையாக வழிந்தது. பிறகு சந்தனம், குங்குமம், மூக்கில் மாலை, மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். சுமதி அண்ணி பூசணிக்காய் உடைத்தார். என் மகள் யாழினி திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பம்பு அடிக்கும் தண்ணீர் வால் பக்கத்துக் கம்பி இடுக்கில் நேராகப் போவதைப் பார்த்தேன். வடிந்துவிடும் என்று நினைத்தேன். வடிதுளை இருக்கிறதே.

மறுநாள் விஜயதசமி. ஏரி காய்ந்து, பாளம் விட்டிருந்த மண்ணை ட்ராக்டரால் இழுத்துச் சமப்படுத்தியிருந்தான். புதுக்காரியம் தொடங்கும் நாள் என்பதால் கரை முழுக்க ஆள்.

வீடியோ ஒரு நிமிடத்துக்கும் குறைவு. விமானம் ஓடத் தொடங்குகிறது. வேகம் பிடிப்பதற்குள்ளேயே முன்சக்கரம் தூக்குகிறது. அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். அந்த வேகத்தில் தூக்கக் கூடாது. மறுபடி ஓட விட்டேன். மூக்கு வானத்தைப் பார்க்கிறது, வாலின் அடி தரையில் இடித்துத் தூசி கிளம்புகிறது, முழு விமானமும் ஆளுயரத்துக்கு மேலே எழும்பி, தொங்கி, பொத்தென்று பின்சக்கரங்களில் விழுகிறது. கரையில் விசில்.

“பறந்துச்சும்மா,” என்றான் அண்ணன் போனில். அவன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை. “நாலு எண்ணற வரைக்கும் மேல கீறேன். கீழ பாத்தா ஜனங்க தல தெரியுது.”

அடிபட்டதா என்று கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டான், அவ்வளவுதான். வாலின் அடிப்பலகை மட்டும் பிளந்திருந்தது, மேலே ஒட்டிய துணி கிழியவில்லை. அங்கே இருக்கும் துளையிலிருந்து தண்ணீர் வருகிறதா பார் என்றேன். எந்தத் துளை, நீதானே அடைக்கச் சொன்னாய் என்றான். அப்போதுதான் பதினான்கு என்பது என்னவென்று எனக்குப் புரிந்தது. ஆணியைக் காய்ச்சிக் குத்தச் சொன்னேன். வாலில் இருந்த ஒரு துளையிலிருந்து மட்டும் அரை வாளிக்கு மேலே வந்தது. குங்குமம் கரைந்த தண்ணீர். வீடியோவில் வேறு மாதிரித் தெரிந்தது.

அண்ணன் சிரித்தான். “பூஜ தண்ணி,” என்றான்.

அவனுக்குப் புரிய வைக்க வேண்டும் என்று நான் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினேன். கரும்பு ட்ரெய்லரில் பாரம் மீறினால் ட்ராக்டரின் பின்பக்கம் அழுந்தி முன்சக்கரம் தூக்குகிறது இல்லையா, அதேதான். வால் நுனியில் இருக்கும் பத்துக் கிலோ, நடுவில் இருக்கும் நூறு கிலோ செய்யாததைச் செய்யும். விமானம் பறக்கவில்லை. தண்ணீர் அதன் மூக்கைத் தூக்கியது. இதைத் தாளில் படம் போட்டும் அனுப்பினேன். அண்ணன் முழுக்கக் கேட்டான். அவனுக்கு நன்றாகப் புரிந்தது.

என் முதல் தவறு அந்தப் பட்டியல். இரண்டாவது, இந்த விளக்கம்.

நான்கு

இங்கே வாரத்துக்கு மூன்று நான்கு தடவை, ‘இந்த விமானம் பறக்கத் தகுதியானது’ என்று எழுதி அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன். நான் போடாவிட்டால் அது நகராது. ஒரு முறை ஒரு பல் டாக்டர், சிறகுக்குள் ஈரம் என்று நான் தடுத்த கோபத்தில் என் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். கோபம் ஆறவில்லை. ஆனாலும் பறக்கவில்லை.

அந்தக் கையெழுத்துக்கு சாலவாக்கத்தில் மதிப்பில்லை. அண்ணன் விமானத் துறை அலுவலகத்துக்கு எழுதிய மனுவுக்கு முதலில் வரைபடம் மூன்று பிரதி கேட்டார்கள். பிறகு பொருட்களின் சான்றிதழ் கேட்டார்கள். பிறகு உள்நாட்டு உரிமம் உள்ள பொறியாளர் மேற்பார்வை செய்தாரா என்று கேட்டார்கள். என் உரிமம் வெளிநாட்டுடையது, செல்லாது. கடைசிக் கடிதத்தில், அனுமதி கிடைக்கும்வரை வாகனம் தரையை விட்டு எழும்பக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அண்ணன் அதை வேறு விதமாகப் படித்தான். தரையில் ஓட்டத் தடையில்லை என்று எழுத்துப்பூர்வமாகவே கொடுத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொன்னான்.

யாழினி அந்த வீடியோவைப் பள்ளிக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டாள். தமிழில் கேள் என்றேன். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துவைத்தாள்: “மாமா கிட்ட… பறக்கறதுக்கு… லைசென்ஸ் இருக்கா?”

ஏழு வயது. ஊரில் அத்தனை பேர் கரையில் நின்றார்கள், ஒருவருக்கும் அது கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்கூட வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லை. அவள் கேட்டாள். தமிழ் அவளை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறதே என்று மற்ற நாளில் வருத்தப்படுவேன். அன்று அவள் இந்த அயர்லாந்து ஊர்ப் பிள்ளையாக வளர்வதில் எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து அப்புறம் கூச்சமாக இருந்தது. இல்லை என்று பதில் சொன்னேன். அப்படியென்றால் யார் அவரை நிறுத்துவார்கள் என்று கேட்டாள், இந்த முறை ஆங்கிலத்திலேயே.

ஐந்து

நிறுத்த நான் போவதாகத்தான் இருந்தது. இந்த ஆயுத பூஜைக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். எங்கள் குடியிருப்பு அட்டை ஆடியில் காலாவதியானது. புதுப்பிக்கக் கொடுத்தது இன்னும் வரவில்லை. அட்டை இல்லாமல் வெளியே போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்பது விமான நிலையத்தில் அன்றைக்கு உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது என்று உதவி எண்ணில் பேசிய பெண் மிகவும் பணிவாகச் சொன்னாள்.

இதற்கிடையில் ஊரில் நடந்தது இது. வாலின் பிளந்த அடிப்பலகைக்கு அண்ணன் ஒட்டுப் போட்டு, இனி தரையில் இடித்தாலும் தாங்கட்டும் என்று மேலே அலுமினியத் தகடு ஒன்று வைத்து ஸ்க்ரூ முடுக்கி, சுற்றிலும் பசை பூசினான். நல்ல வேலை. அந்தத் தகட்டின் படத்தை எனக்கு அனுப்பவில்லை. சித்திரையில் ஏரி காய்ந்ததும் மூன்று தடவை ஓட்டினான். அப்போது உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை. விமானம் எழும்பவில்லை. எழும்ப வேண்டிய வேகத்துக்கு ஓடும் அளவு அந்த ஏரியில் நீளமில்லை. கோடியில் கருவேல மரங்கள். அதை நான் முதலிலேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தேன்.

விஜயதசமியிலிருந்து டீக்கடையில் அவனை பைலட்டு என்று கூப்பிட்டார்கள், பாதி மரியாதையாக. சித்திரைக்குப் பிறகு அது ரோடு பைலட்டு ஆனது. இன்னா வேலு, உன் ஏரோப்ளேனுக்கு நாஷ்டா போடலியா, படுத்துகினே கீது என்று கேட்டார்களாம். அண்ணி சொல்லித்தான் தெரியும். அவன் என்னிடம் எதையும் சொல்லவில்லை. ஆடியிலும் ஆவணியிலும் சாயங்கால மழை நன்றாகப் பெய்தது, ஆனால் ஏரியில் தேங்கும் அளவுக்கு இல்லை. குடோனில் மறுபடி நெல். விமானம் மறுபடி களத்தில். இந்த முறை தார்ப்பாய் போட்டானா என்று கேட்டதற்கெல்லாம், ம் என்று மட்டும் சொன்னான்.

போன வாரம் அண்ணி கூப்பிட்டார். இங்கே காலை, யாழினிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். வயல்வெளியில் நின்று பேசினார், வீட்டில் இல்லை.

“கவிதா, உங்கண்ணன் திரும்ப எல்லா ஓட்டயும் அடச்சிட்டான்மா. நீ எதுனா லிஸ்ட் அனுப்பிச்சியா?”

இல்லை என்றேன்.

“அப்ப அவனாதான் பண்ணிக்கினு கீறான். தார்ப்பாயயும் எடுத்துட்டான். மயை பேயுது, அது நனஞ்சிகினு நிக்குது, இவன் பாத்துகினு குந்தினு கீறான்.”

ஒரு வருடமாகத் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க என்ன செய்வது என்று யோசித்தவனின் தங்கை நான். அவன் வேண்டுமென்றே நனையவிடுகிறான் என்பதை என் மண்டை வாங்க நேரம் பிடித்தது.

அண்ணன் அறுவடைக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணியை விமானத்தின் அடியில் படுக்கச் சொன்னேன். போனை மார்பில் சாய்த்துவைத்துக்கொண்டு, காய்ச்சிய ஆணியை இடுக்கியில் பிடித்து ஒவ்வொன்றாகக் குத்தினார். நான் எண்ணினேன். சிறகுகளில் எட்டு, நாலைந்தில் சொட்டியது. உடலின் அடியில் ஐந்து. எல்லாவற்றிலும் வந்தது, ஒன்றில் நொச்சி இலை அழுகிய வாடையோடு. பதின்மூன்று. பதினான்காவது எங்கே என்று கேட்டேன். இல்லை என்றார். வாலின் அடியில் பாருங்கள் என்றேன். அங்கே தகடுதான் இருக்கிறது என்றார். அப்போதுதான் அந்தத் தகட்டை முதல் முறையாகப் பார்த்தேன்.

ஒரு ரூபாய்க் காசை எடுத்து முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் தட்டிக்கொண்டே போகச் சொன்னேன். இங்கே தினமும் செய்வதுதான். காய்ந்த மரம் ஒரு மாதிரி ஒலிக்கும், நனைந்தது வேறு மாதிரி. டக், டக், டக் என்று கேட்டது. வால் பக்கம் போனதும் டொத் என்றது. அண்ணி தட்டுவதை நிறுத்திவிட்டார்.

“பழுத்த பலாப்பழம் மாதிரி கேக்குதும்மா,” என்றார்.

வாலின் கடைசிக் கட்டத்துக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வர அந்த ஒரு துளைதான் வழி. ஸ்க்ரூவைக் கழற்றினாலும் பசை விடாது, தகட்டை வெட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தகட்டுக்கு ஒரு விரல் மேலேதான் வாலை அசைக்கும் கம்பி போகிறது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் வெளியே தெரியாது.

ஆறு

அன்றே அண்ணனிடம் பேசினேன். அறுவடை மெஷின் ஓரமாக நிழலில் உட்கார்ந்திருந்தான். முகம் முழுக்க வைக்கோல் தூசி.

“அண்ணா, வால்ல தண்ணி நிக்குது.”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா அடச்சி வெச்சிருக்கே?”

“நீதானம்மா படம் போட்டு அனுப்பிச்சே. பின்னாடி கனம் இருந்துச்சு, மூஞ்சி தூக்குச்சுன்னு. சித்திரயில கனம் இல்ல, தூக்கல. அப்ப இன்னா அர்த்தம்? கனம் வேணும்.” பொறுமையாகச் சொன்னான், நான் அவனுக்கு விளக்கிய அதே பொறுமையோடு.

“தூக்கறது பறக்கறது இல்லண்ணா. தூக்குன மூஞ்சிய கீழ கொண்டாரணும். வால்ல அம்மாம் கனம் இருந்தா நீ இன்னா அமுக்குனாலும் வராது. போன தபா சட்டுனு வுழுந்துட்ட, அதனால தப்பிச்ச. இன்னும் கொஞ்சம் ஒசரத்துல இருந்து வுழுந்தாக்கா?”

பின்னால் யாரோ மெஷினைப் பற்றிக் கேட்டார்கள். கையைக் காட்டி இருக்கச் சொன்னான்.

“இந்த விஜயதசமிக்கு ஒரே ஒரு தபா கவிதா. ஏரிக்கு அந்தாண்ட போயிட்டு இந்தாண்ட வந்துடறேன். அப்பால நீ சொல்றத எல்லாம் கேக்கறேன். ஓட்டயத் தொறக்கறேன், தார்ப்பாய் போடறேன், பேஜார் இல்ல.”

“இந்தாண்ட வர மாட்டண்ணா.”

“டீக்கடயில என்னிய இன்னான்னு கூப்புடறாங்கன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப பேசாத.”

துண்டால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டான். பிறகு யாழினி சாப்பிட்டாளா, பள்ளிக்குப் போய்விட்டாளா என்று கேட்டான். போய்விட்டாள் என்றேன். அவளுக்கு வீடியோ அனுப்புவதாகச் சொன்னான். இந்த முறை நல்ல போனில் எடுக்கச் சொல்லியிருக்கிறானாம்.

மேவிடம் சொன்னேன். அதிகாரிகளுக்கு ஒரு போன் செய்தால் போதாதா என்று கேட்டார். இங்கே போதும். நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன், அண்ணனுக்குத் தெரியாமல். அவன் மனு எண்ணைக் குறிப்பிட்டு, இந்த விமானம் ஆபத்தான நிலையில் இருக்கிறது, ஆயுத பூஜைக்கு மறுநாள் ஓட்டப்போகிறார்கள், வந்து தடுங்கள் என்று. உங்கள் புகார் பெறப்பட்டது, முப்பது வேலை நாட்களுக்குள் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. கூடவே ஒரு நீளமான எண். அண்ணன் இதை இங்கே படித்துத்தான் தெரிந்துகொள்வான் என்றால் தெரிந்துகொள்ளட்டும்.

ஏழு

மறுநாள் அண்ணி மறுபடி கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை.

“எந்த நட்டக் கழட்டுனா அது ஓடாது, அத்த சொல்லு.”

எனக்கு எட்டு விடைகள் தெரியும். ஒன்றையும் சொல்லவில்லை. ஒயரைப் பிடுங்கினால் அண்ணன் கண்டுபிடித்து மாட்டுவான். மாட்டும் அவசரத்தில் வேறொன்று தளரும். பெட்ரோல் குழாயை மூடினால் தரையில் ஓடிவிட்டு மேலே போனதும் இன்ஜின் நிற்கும். அரைகுறையாகக் கழன்ற நட்டு, முழுதாக இருக்கும் நட்டை விட மோசமானது. இரண்டு முறை தூரத்திலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறேன். இரண்டும் என்ன ஆயிற்று என்று தெரியும். பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தெரியும் குறை எதுவோ, அது மட்டும்தான் பாதுகாப்பானது.

முன்சக்கரம் என்றேன்.

அண்ணி ட்ராக்டர் ஜாக்கியை வைத்துத் தூக்கி, மூக்கின் அடியில் இரண்டு ஹாலோபிளாக் கல் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றிச் சாக்கில் கட்டி, பழையசீவரத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினார். கண்டக்டர் சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்னாக்கா, வண்டிய வுட்டுட்டு சக்கரத்த மட்டும் இட்டுகினு எங்க ஓடறே என்றிருக்கிறார். வண்டி பின்னாடி வருது, நீ விசிலக் குடு என்றாராம் அண்ணி. இதைச் சொல்லும்போது சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு வாரத்தில் நாங்கள் இருவரும் சிரித்தது அப்போதுதான்.

அண்ணி அன்றே வீடு திரும்பிவிட்டார், சாயங்காலம் அண்ணன் வந்து பார்த்திருக்கிறான். சக்கரம் எங்கே என்று அண்ணியைக் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறான். அதுதான் பயமாக இருக்கிறது என்றார் அண்ணி. மறுநாள் காலையில் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் முன்னச்சின் கனத்தை அளந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, பைக்கில் உத்திரமேரூர் போயிருக்கிறான். தள்ளுவண்டிச் சக்கரம், பவர் டில்லர் சக்கரம், எது வேண்டுமானாலும் அவன் கையில் பொருந்திவிடும். ஆறு வருடமாக அவன் செய்ததே அதுதான்.

இங்கே இன்றைக்கும் மழை. காலையில் குச்சியை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு விமானங்களின் அடியில் படுத்து எழுந்தேன். எல்லாத் துளையும் திறந்திருந்தன. முதுகு நனைந்த சட்டையோடு உட்கார்ந்து ஊர் வானிலையைப் பார்த்தேன். ஒரு வருடமாக அந்தப் பக்கத்தைத் திறப்பது மழை இருக்கக் கூடாதே என்று பார்ப்பதற்காக. இப்போது, ஏரி நனைந்து சேறாகும் அளவுக்கு ஒரே ஒரு மழை வராதா என்று பார்க்கிறேன்.

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது விஜயதசமி கடந்திருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு என்னை விட அதிகம் தெரிந்திருக்கும். எழுதும் இந்த நேரத்தில் நிலவரம்:

ஆயுத பூஜைக்கு ஐந்து நாள் இருக்கிறது. பதின்மூன்று துளைகள் திறந்திருக்கின்றன, அண்ணன் அவற்றை மறுபடி அடைக்கவில்லை. பதினான்காவது தகட்டுக்கு அடியில் இருக்கிறது. முன்சக்கரம் பழையசீவரத்தில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. உத்திரமேரூரில் ஒரு சக்கரத்தைக் கடைந்து தரச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். நாளை மறுநாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை. எங்கள் அட்டை வரவில்லை. ஏரியில் தண்ணீர் இல்லை.